பெட்டிக்காரரின் ஜெபம்

உட்காருங்கள் தம்பி. ஜன்னல் பக்கம் வேண்டுமென்றால் நான் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறேன். திசையன்விளை வரைக்குமா? நான் அதற்கு முன்னாலேயே, ஊருக்குப் பாதை பிரிகிற ஒரு விலக்கில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் பேசிக்கொண்டு போகலாம். என்ன தொழில் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் நீங்கள் எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொள்வீர்கள். இதுவரைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

சரி, உங்கள் முகத்தைப் பார்த்தால் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சவப்பெட்டி செய்கிறேன். சொந்தக் கடை. சற்குணம் பெட்டி நிலையம் என்று போர்டு இருக்கும், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே.

பார்த்தீர்களா, நகர்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் யாரையும் கூட்டிக்கொண்டு போகிறவன் இல்லை. கூட்டிக்கொண்டு போகிறவர் வேறு. அவர் வேலை முடிந்த பிறகுதான் என் வேலை.

நான் இந்தத் தொழிலைக் கிறிஸ்தவனாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தவன். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஜவுளிக்கடைக்காரருக்கு அது கஷ்டமே இல்லை. அளவில் ஏமாற்றாமல் இருந்தால் போதும். காலையில் கதவைத் திறந்து, ஆண்டவரே இன்றைக்கு நல்ல வியாபாரம் தாரும் என்று கேட்டுக்கொள்ளலாம். நான் என்ன கேட்பது? நீங்களே சொல்லுங்கள்.

முத்துக்குட்டி ஆசாரி என்று ஒருவர் தொடக்கத்திலிருந்து என்னோடு வேலை பார்க்கிறார். அவர் அம்மன் கோயில்காரர். ஆனாலும் காலை ஜெபத்துக்குக் கைகட்டி நிற்பார். கடை திறந்த புதிதில் ஒருநாள், எங்கள் கையின் வேலையைப் பெருகச் செய்யும் என்று ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். ஆசாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பெருக்கம் கிருக்கம்னு கேக்காதீங்க. எங்க வீட்லயும் வயசானவங்க இருக்காவ.”

நியாயம்தானே. அன்றிலிருந்து, ஊரில் எல்லாருக்கும் சுகத்தைக் கொடும் என்று ஜெபித்தேன். மனதார ஜெபித்தேன். அந்த மழைக்காலம் முழுக்க ஊரில் ஒரு சாவு இல்லை. ஆசாரி மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரே வந்து, “கொஞ்சம் நடுவாந்தரமா கேளுங்க அண்ணாச்சி” என்றார்.

அடுத்து, பொய் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். துக்கத்தில் வருகிறவர்கள் அழுதுகொண்டே கேட்பார்கள், இந்த மரம் கரையான் அரிக்காதா என்று. அரிக்கும் என்பேன். எத்தனை வருஷம் தாங்கும்? மண்ணைப் பொறுத்தது என்பேன். உயிர்த்தெழுகிற நாள் வரைக்கும் தாங்கும் என்று நான் சொல்ல முடியுமா? அது எப்போது என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னதற்காக என்னைத் திட்டிவிட்டுத்தான் வாங்கிப் போவார்கள். வேறு கடை இருந்தால் அங்கே போயிருப்பார்கள்.

ஒரு வருஷம் கோடை கடுமையாக இருந்தது. வேலை ஓயவில்லை. வருஷக் கடைசியில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்க வேண்டுமல்லவா, கொஞ்சம் அதிகமாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஐயர் பீடத்தில் நின்று வாசித்தார்: “இந்த ஆண்டு தொழிலில் கிடைத்த மிகுந்த ஆசீர்வாதத்துக்காக சற்குணம் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை.” வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முன்வரிசையில் அந்தக் கோடையில் பெட்டி வாங்கினவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சேர்ந்தாற்போல் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷத்திலிருந்து ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்று வாசிக்கிறார். அப்போதும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

காணிக்கை கொடுத்தால் மட்டும் போதுமா? ஊழியம் என்று ஒன்று வேண்டாமா? எங்கள் சபையில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு. ஒருவர் பாடகர் குழு. ஒருவர் பண்டிகைக்கு வருகிற வண்டிகளை ஒழுங்குபடுத்துவார். அசன விருந்தில் சாம்பார் வாளி தூக்கவாவது விடுங்கள் என்று கேட்டேன். கமிட்டிச் செயலர் அருமைநாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கையால பரிமாறினா யாரு சாப்பிடுவா, நீங்களே சொல்லுங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்புறம் எனக்குக் கொடுத்த வேலை, உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்வது. பெஞ்சு பேசாது பாருங்கள்.

எனக்கு ஆசை எல்லாம் வியாதியஸ்தர்களைப் போய்ப் பார்த்து ஜெபிக்கிற குழுவில் சேர வேண்டும் என்பது. அந்தக் குழு ஞாயிறு மத்தியானம் வீடு வீடாகப் போகும். நான் ஐயரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் விடவில்லை. பிழைக்கிறவர்களுக்கு ஜெபம் பண்ண எனக்கு உரிமை இல்லையா, என்னை ஆண்டவர் முடிந்துபோனவர்களுக்கு மட்டும்தான் படைத்தாரா என்று கேட்டேன். கடைசியில் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அளவு டேப்பைக் கடையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

டேப் எதற்கு தம்பி, கண்ணே அளந்துவிடும். நான் என்ன செய்ய. நீங்கள் ஐந்தடி எட்டு. தோள் கொஞ்சம் அகலம். சும்மா சொன்னேன், பயப்படாதீர்கள்.

முதல் சந்திப்பு, குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவர். இரண்டு வாரம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாசலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். மனிதர் எழுந்தார், நேரே குளியலறைக்குள் நடந்துபோய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே நின்று ஜெபித்தேன். மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார். விசுவாசம் என்றால் அது. அதற்குப் பிறகு நான் போய்ப் பார்த்த யாரும் அதிக நாள் படுக்கையில் இருக்கவில்லை. ஆசாரி வேறு மாதிரி ஒரு காரணம் சொல்லுவார். அவருக்கு நம்முடைய விசுவாசம் தெரியாது.

இப்போது மாசிலாமணி சார் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி தவறி ரொம்ப வருஷமாகிறது. இரண்டு மகன்கள். பெரியவர் லிவிங்ஸ்டன் சென்னையில், சின்னவர் வில்பிரட் கோயம்புத்தூரில். நல்ல பிள்ளைகள். மாதாமாதம் எல்லாம் அனுப்பிவிடுவார்கள். வருவது மட்டும்தான் இல்லை. சார் நெஞ்சுச்சளி பிடித்துப் படுத்தார், படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வியாதி பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் நான் தனியாகப் போய் அவர் கட்டிலருகே முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்துவிட்டு வந்தேன். நான் வெளியே வந்ததைப் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறாள். லிவிங்ஸ்டனுக்குப் போன் போட்டு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறாள்: “பெட்டிக்காரர் வந்துட்டுப் போறாரு.”

மறுநாள் விடிந்ததும் என் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. லிவிங்ஸ்டன் இறங்கினார். ராத்திரி முழுக்க அழுதுகொண்டே வந்திருப்பார் போல, முகம் வீங்கியிருந்தது. நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தம்பி, நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். என்னை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அழுதோம். யார் போனது என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அழுதேன்.

அப்புறம் அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே, “நல்ல தேக்குலயே செய்ங்க அண்ணாச்சி. அப்பா உயரம் உங்களுக்குத் தெரியும்ல” என்றார்.

“தெரியும். ஆனா சார்வாள் இந்நேரம் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருப்பாவளே” என்றேன்.

கையை எடுத்துவிட்டார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? என் சட்டையைப் பிடித்தார். பிறகு நீர் எதற்கு அங்கே போனீர் என்று கேட்டார். ஜெபம் பண்ண என்றேன். அதைக் கேட்டதும்தான் கோபம் அதிகமானது. எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குள் வில்பிரட் வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டார். அவர் கொஞ்சம் முன்யோசனைக்காரர். கோயம்புத்தூரிலேயே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அப்பா வீட்டுக்குள் போகிற முன்னால் தெரு முனையில் அதைக் கட்டச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மலர்வளையம் ஒன்றும் வந்துவிட்டது. இரைச்சல் கேட்டு மாசிலாமணி சார் கட்டிலிலிருந்து எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெரு முனை வரைக்கும் நடந்து வந்தார். அவர் அவ்வளவு தூரம் நடந்து யாரும் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நானும் லிவிங்ஸ்டனும் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

சார் ஃபிளெக்ஸை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அவருடைய படத்தையே உற்றுப் பார்த்தார்.

“என் தோள்ல ஒட்டிக்கிட்டு இருக்கே, இது யாரு காது?”

வில்பிரட் கிட்டே வந்து பார்த்தார். “அம்மா காதுப்பா. ஜோடியா எடுத்த படத்துல இருந்து வெட்டினது.”

சார் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தார். கழற்ற வேண்டாம், கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மகன்கள் இரண்டு பேரையும் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

பிள்ளைகளுக்கு உடனே திரும்பிப் போகவும் வழி இல்லை. அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி ஆபீசில் லீவு வாங்கியாயிற்று. மறுநாளே போய் நின்றால் என்ன சொல்வது? லீவு முடிகிற வரைக்கும் இருந்தே தீர வேண்டும். கூடவே வந்திருந்த மருமகள்கள் சமைத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாதென்று அவர்களுக்கும் பந்தி. சார் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். எனக்குக்கூட சாப்பாடு கொடுத்தார்கள். லிவிங்ஸ்டன்தான் இலையை வைத்தார், கொஞ்சம் ஓங்கி வைத்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. கமிட்டியில் புகார் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், ஒன்று கடை, இல்லாவிட்டால் வியாதியஸ்தர் சந்திப்பு, இரண்டில் ஒன்றை நான் விட்டுவிட வேண்டும் என்று. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“கடையை விட்டுடுதேன் ஐயா” என்றேன்.

அருமைநாயகம் எழுந்துவிட்டார். “அது எப்படி வேய்? கடையை மூடிட்டா நாங்க எங்க போவோம்?” என்றார். இன்னொருவர் தன் அப்பாவுக்கு இப்பவே எண்பது தாண்டிவிட்டது, இந்த நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். கோயிலில் என் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்கிறவர்கள் தம்பி. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் மாசிலாமணி சார் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“எம் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எம் வீட்ல சாப்பிட்டது, அவங்க அம்மா அடக்கத்துக்கு அப்புறம் இப்பதான். இந்த ஆளு ஒரு தடவை வந்ததுக்கு இது நடந்திருக்கு. ஐயா வந்து எத்தனை தடவை ஜெபிச்சிருக்கீரு, ஒருத்தனும் எட்டிப் பாக்கலை. சற்குணம் பண்டிகைக்கு முன்னால இன்னொரு தடவை வரணும். இவரை நிறுத்தினா எம் பேரையும் சபையிலருந்து எடுத்துடுங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சபை நடுவே ஒருவர் என் ஜெபத்துக்கு அப்படிச் சாட்சி சொன்னது அதுதான் முதல் தடவை. ஐயர் ஜெபத்தைவிட என் ஜெபத்துக்கு வல்லமை அதிகம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள். கமிட்டியும் என்னைத் தொடர்ந்து போகச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வில்லை. ஊரில் தனியாக இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினார்கள். மகள் மஸ்கட்டில், மகன் பெங்களூரில், வாருங்கள் சற்குணம் என்று. போனேன். ஒரே வாரத்தில் மகளும் வருவாள், மகனும் வருவான், பேரப்பிள்ளைகளும் வரும். பக்கத்து ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்தது. முதலில் டேப்பைக் கடையில் வைத்துவிட்டு வரச் சொன்னார் அல்லவா, அந்த ஐயரே ஒருநாள் வந்து, “டேப்பை எடுத்துட்டே போங்க அண்ணாச்சி, சட்டைப் பையில கொஞ்சம் வெளிய தெரியிற மாதிரி” என்றார். பிள்ளைகள் இப்போது விவரமாகிவிட்டார்களாம். வெறுங்கையோடு வந்தாரா, டேப்போடு வந்தாரா என்று போனில் விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறார்களாம்.

எல்லாம் ஆண்டவர் கிருபைதான். ஆனால் எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. என்னை யாரும் ஜெபத்தை முடிக்க விடுவதில்லை. முழங்காலில் நின்று இப்போதுதான் ஆரம்பித்திருப்பேன், கட்டிலில் இருக்கிறவர் தோளைத் தட்டுவார். போதும் சற்குணம், வெளியே போய்த் தெருவில் கொஞ்சநேரம் நில்லும் என்பார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிற மாதிரி நில்லும் என்பார். போன வாரம் ஒரு அம்மாள் நான் உள்ளே வரவே வேண்டாம் என்றுவிட்டாள். வாசலில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, குடித்துவிட்டு மெதுவாகப் போங்கள் என்றாள். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே மனதுக்குள் ஜெபித்தேன். அது கணக்கில் சேருமா தம்பி? சேரும் என்றுதான் நினைக்கிறேன். அவள் மகன் வந்துவிட்டானே.

இன்றைக்கும் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போகிறேன். இவர் மகன்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கொஞ்சம் அதிகநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

எனக்கா? ஒரே மகன். கனடாவில் இருக்கிறான். தங்கமான பையன். அவன் அம்மா அடக்கத்துக்கு வந்தான், மூன்றாம் நாள் கிளம்பினான். அதற்குப் பிறகு அவனுக்கு லீவு அமையவில்லை. போன மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஆசாரிதான் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். அவர் என்ன செய்தார் தெரியுமா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறார். “தம்பி, ஒங்க அப்பா வீட்ல பெட்டிக்காரர் வந்து உக்காந்திருக்காரு.”

“அவர் வேற எங்க உக்காருவாரு, அது அவர் வீடுதானே” என்று சொல்லிச் சிரித்தானாம் பையன்.

எப்படிப் பதில், பார்த்தீர்களா? சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படி ஒரு மூளை. நான் காய்ச்சலோடு காய்ச்சலாக அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆசாரி சிரிக்கவில்லை. அவருக்கு இந்த மாதிரி நகைச்சுவை எல்லாம் சட்டென்று பிடிபடாது.

இதோ, விலக்கு வந்துவிட்டது. கண்டக்டர், ஆள் இறங்கணும்.

தம்பி, போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பெட்டி செய்கிற தொழிலுக்கு வருகிறதாக இருந்தால் எங்கள் ஊருக்கு அனுப்பிவையுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இடம் காலியாக இருக்கிறது, நானே பேசி முடித்துத் தருகிறேன். போட்டி எல்லாம் நான் பார்க்க மாட்டேன். கிறிஸ்தவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஜெபம் பண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் தெருவில் கொஞ்சநேரம் நிற்கத் தெரிந்தால் போதும்.